பன்னிரண்டு நிரைச் சரிவு

மானேஜர் வர இன்னும் அரை மணி நேரம்தான். கொழுந்துக் கூடையை ஆபீஸ் வாசலிலேயே இறக்கிவிட்டு, ஆபீஸ் கணக்கு எழுதும் கிராணி கிரகரியின் கம்ப்யூட்டர் முன்னால் போய் நின்றாள் திலகம். வேலைக்குப் போகும் அம்மாக்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் ஆயாக் கொட்டகையைப் பாறைச் சரிவின் அடியில் புதிதாகக் கட்டப்போகிறார்கள். நாளைக் காலை மண்வாரி வருகிறது. பெருமழைத் தண்ணீர் அங்கேதான் இறங்கும் என்று மானேஜரிடம் மூன்று முறை சொல்லிப் பார்த்துவிட்டாள். பிளானில் அப்படி ஒன்றும் தெரியவில்லை என்று மூன்று முறையும் பதில் வந்தது.

“துரையோட புது பங்களாவ வெறும் வார்த்தையில சொல்லியே வரைஞ்சீங்களாமே கிராணி? எனக்கு ஒரு மலை வரைஞ்சு குடுங்க.”

கிரகரி சிரித்தான். “எழுதினா கம்ப்யூட்டரே கட்டிக் காட்டிடும்க்கா. சொல்லுங்க லா.”

“கொட்டகைக்கு மேல பன்னெண்டு நெரை தேயிலை. அதுக்கு மேல பாறை.”

தட்டினான். திரையில் பன்னிரண்டு வரிசைச் செடிகள் பாய் விரித்த மாதிரி தட்டையாகக் கிடந்தன.

“இது என்ன, பந்து விளையாடுற பாடாங்கா?”

“எத்தன டிகிரி சரிவுன்னு கேக்குதுக்கா.”

டிகிரிக்கு அவள் எங்கே போவாள்? இருபத்திரண்டு வருடமாக அந்தச் சரிவை அவள் அளந்தது காலால். கண்ணை மூடி அங்கேயே போய் நின்றாள். ஒரு நிரை கீழே, எப்போதும் போல, கூடக் கொழுந்து கிள்ளும் மணியம்மா.

“எழுதுங்க. கீழ் நெரையில நிக்கிற பொம்பள தலை, மேல் நெரையில நிக்கிறவ முட்டிக்குத்தான் வரும். பன்னெண்டு நெரையும் அப்படித்தான்.”

கிரகரி அவளை ஒரு முறை பார்த்தான். ஒரு வார்த்தை மாற்றாமல் தட்டினான். திரை சற்று நேரம் வெறுமையாக இருந்தது. பிறகு மலை எழுந்து நின்றது.

“யம்மாடி! இதுக்குக் கீழயா கட்டுறாங்க?”

“மழைய விடுங்க.”

தண்ணீர் ஓரக் கால்வாயில் சமர்த்தாக இறங்கி ஒதுங்கிப் போயிற்று. கிரகரி உதட்டைப் பிதுக்கினான்.

“ஏழாவது நெரையில கால்வாய் உடைஞ்சு கெடக்கே, அத எழுதினீங்களா?” என்றாள் திலகம்.

எழுதினான். வெளியே ஜீப் வந்து நின்றது.

“துரை வந்துட்டாரு. மூடிடவாக்கா?”

“மூடினா கூடையத் தலையில கவுத்துருவேன். இன்னும் ஒண்ணு பாக்கி. கொட்டகைக்குள்ள பிள்ளைங்க. பதினோரு பேரு.”

மானேஜர் உள்ளே வந்தார். திலகம் திரையை அவர் பக்கம் திருப்பி, நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“உக்காருங்க துரை. ஒரு நிமிசம்தான்.”

அவர் உட்காரவில்லை, போகவும் இல்லை. கொட்டகைக்குள் பதினோரு சின்ன உருவங்கள் நின்றன. ஏழாவது நிரையில் பழுப்புத் தண்ணீர் அசையாமல் காத்திருந்தது. கொழுந்துக் கறை படிந்த விரலை தண்ணீரை ஓடவிடும் விசையின் மேல் வைத்து, அவள் அழுத்தினாள்.