அபுல் ஹஸனுக்குத் தேவையில்லாதவை

1993இல் சீமெந்து விலை ஏறிய மாதம், நிந்தவூரில் றபீக்காவின் அலுமாரி பகல் பதினொரு மணிக்குத் தானாக எழுந்து, படலையைத் திறந்துகொண்டு கடற்கரைப் பக்கமாக நடந்துபோனது. காரணம் ஒரு படம். அவளுடைய புருஷன் அபுல் ஹஸன் அதை வீடியோக் கொட்டிலில் மூன்று தடவை பார்த்திருந்தார். படத்தில் ஒருத்தன் ஒரு பாய், ஒரு கோப்பை, ஒரு சாரனோடு சிரித்துக்கொண்டே வாழ்கிறானாம். இவரும் சிரிக்கத் தொடங்கினார். எதைப் பார்த்துச் சிரித்து "தேவையில்ல" என்றாரோ, அது எழுந்து போய்விடும். போன பொருள் திரும்பாது.

கட்டில் போனது. கதிரைகள் வரிசையாகப் போயின. றபீக்கா இருபது வருடம் மிதித்த தையல் மெஷின், ஊசியில் பாதித் துணியோடு போனது. ஊர் ஆண்கள் வந்து, மனுஷனுக்கு என்ன மனநிறைவு என்று புகழ்ந்து, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள். தேத்தண்ணி ஊற்றியவளுக்குப் பற்றியெரிந்தது. எரியாமல் என்ன செய்யும்? இந்தக் கரையில் வீடு பெண்ணுக்குத்தான் எழுதப்படுகிறது. மாப்பிள்ளை உடுத்த துணியோடு வந்து சேருகிறவர். அவர் துறந்ததில் ஒரு கரண்டிகூட அவருடையதில்லை.

அடுத்த வருடம் அவர் பின்வளவைப் பார்த்துச் சிரித்தார். அங்கே மகள் ஹிமாயாவுக்கு வீடு எழும்பிக்கொண்டிருந்தது. வீடில்லாத பெண்ணை யார் கேட்டு வருவார்? "தேவையில்ல" என்றதும் கற்கள் ஒவ்வொன்றாகச் சுவரைவிட்டு இறங்கிப் படலையை நோக்கி நடந்தன. றபீக்கா குறுக்கே பாய்ந்தாள்.

"இஞ்சப் பாருங்க, அந்தப் படத்துல அவன்ட சாரன ஆரு கழுவின? ஆரு சோறாக்கின?"

"அதக் காட்டல்ல" என்றார்.

"காட்டமாட்டானுகள்! இது என்ட வாப்பா எனக்கு எழுதித் தந்த வளவு. இதுல எனக்குத் தேவையில்லாதது நீங்க ஒராள்தான்!"

அபுல் ஹஸனின் கால்கள் எழுந்தன. சிரித்த முகம் மாறாமல் படலையைத் தாண்டிக் கடற்கரைப் பக்கம் போனார். அந்தக் கணமே கற்கள் நின்றன. படலைக்குள் நின்றவற்றைத் தாயும் மகளும் சுமந்து சுவருக்குக் கொண்டுபோனார்கள். வெளியே போயிருந்தவை நாற்பத்தாறு கல். அவற்றுக்குப் பதிலாகக் கல் வாங்க றபீக்கா இடியப்பம் அவித்து விற்றாள்.

1997இல் ஹிமாயாவின் நிகாஹ் அதே வீட்டில் நடந்தது. பெண்ணைக் கொடுக்கச் சம்மதம் சொல்லும் வலியாகத் தகப்பன் வேண்டுமே! கடற்கரையிலிருந்து அவரைக் கூட்டிவந்து, வீட்டுக்கு முதுகைக் காட்டி உட்காரவைத்தார்கள். சம்மதமா என்று கேட்டதற்கு "ஓம்" என்றார். வேறெதுவும் பேச விடவில்லை. வயிறாரச் சாப்பிட்டு எழுந்தவர், சாப்பிட்ட கோப்பையைத் தானே கழுவிவைக்கும்வரை றபீக்கா படலையைப் பூட்டிக்கொண்டு நின்றாள். பிறகு திறந்துவிட்டாள்.