சீட்டில் டார்ச்சு பேர் இல்லை

எங்கள் வீட்டுக்காரர் தேர்தலில் நிற்கிறார் என்றதும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. டீயில் சர்க்கரை போட மறந்துவிட்டால்கூட வாயைத் திறக்காமல் குடித்துவிட்டு வருகிற மனிதர் அவர்.

வேலை பார்த்த பட்டறையை மூடியதிலிருந்து சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்கள் ஐந்து மாடிக் குடியிருப்பில் படிக்கட்டு விளக்குகள் எரிவதில்லை. மூன்றாம் மாடித் தையல்காரம்மா தடுக்கி விழுந்து கையை உடைத்துக்கொண்ட பிறகு, இவர் சாயங்காலமானால் ஒரு டார்ச்சோடு கீழே போய் நிற்பார். வருகிறவர்களை வீடுவரை கொண்டுபோய் விடுவார். டார்ச்சு என்றே பெயராகிவிட்டது. பிறகு ஒருநாள், குடியிருப்போர் சங்கத் தலைவர் பதவிக்கு மனு கொடுத்துவிட்டு வந்து நின்றார். முகத்தில் பழைய களை. அது மறுபடி போய்விடக் கூடாதே என்பதுதான் என் கவலையெல்லாம்.

ஏனென்றால் எங்கள் ஆட்களை எனக்குத் தெரியும். பாதி வீடாவது ஓட்டுப் போடாவிட்டால் தேர்தல் செல்லாது, பழைய தலைவரே தொடர்வார். வருஷா வருஷம் அதுதான் நடக்கிறது. யார் வந்து என்ன கிழிக்கப் போகிறார்கள் என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார்கள்.

இவர் ஓட்டுக் கேட்ட அழகு இருக்கிறதே, அடடா.

"முடிஞ்சா வாங்க. முடியலேன்னா பரவாயில்ல."

தலையில் அடித்துக்கொண்டேன். அவர் கேட்டுவிட்டு வந்த வீடுகளுக்கெல்லாம் பின்னாலேயே நான் போனேன். வராவிட்டால் உங்களுக்கும் எனக்கும் பேச்சே கிடையாது என்று மிரட்டினேன். கெஞ்சவும் செய்தேன், அதிலென்ன வெட்கம்.

ஞாயிற்றுக்கிழமை கீழ் ஹாலில் பார்த்தால் வரிசை நிற்கிறது. தலையைக்கூட வாராமல் வந்திருந்தார்கள். எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. ஆனால் முதலில் ஓட்டுப் போடும் மறைப்புக்குள் போன தையல்காரம்மா, சீட்டை அப்படியே கொண்டுவந்து தேர்தல் அதிகாரியிடம் நீட்டினார்.

"இதுல டார்ச்சு பேரே இல்லையே."

சீட்டில் இருந்தவை இரண்டு சொந்தப் பெயர்கள். எது யாருடையது என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. இத்தனை வருஷமாக இருக்கிற தலைவரின் பெயர்கூடத் தெரியாது, அவ்வளவு அக்கறை. யாரையும் அடையாளம் காட்டக் கூடாது என்று அதிகாரி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இரண்டு பேர் வரிசையைவிட்டு நகர்ந்தார்கள். மூலையில் வேட்பாளர் நாற்காலியில் இருந்த இவர் தரையைப் பார்த்தார். அந்தக் களை என் கண்ணெதிரே போய்க்கொண்டிருந்தது.

கல்யாணமான நாளிலிருந்து அவரை 'என்னங்க' என்பதைத் தவிர வேறெப்படியும் நான் கூப்பிட்டதில்லை. வாசலில் நின்று, தொண்டை கிழிய, அவர் முழுப்பெயரையும் சொல்லிக் கூப்பிட்டேன்.

"சாப்பாடு ஆறுது, வாங்க."

அதிகாரி எழுந்துவிட்டார். இங்கே பிரசாரம் செய்யக் கூடாது என்றார்.

"புருஷனச் சாப்பிடக் கூப்பிடுறேன் சார். அதுக்கும் சட்டம் இருக்கா?"

வரிசை முழுக்கச் சிரித்தது. நகர்ந்தவர்கள் திரும்பி வந்தார்கள். தையல்காரம்மா சீட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

சாயங்காலம் எண்ணி முடித்து, இவர்தான் ஜெயித்தார் என்றார்கள். அது இவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் பேரு இவ்வளவு நல்லா இருக்கும்னு எனக்கே தெரியாது" என்றார்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பார்த்துவிட்டால் தலைவருக்குத் தலைக்கனம் ஏறிவிடும்.