கடிக்கிற விளக்கு

ஏணியின் நாலாம் படியில் நின்று பழைய பல்பைக் கழற்றிக்கொண்டிருந்தார் எலக்ட்ரீஷியன். கீழே கட்டிலில் மல்லாந்து கிடந்த அவர் மனைவி ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தாள்.

"தூசி விழும். கண்ணை மூடிக்கோ."

"விழட்டும். என் வீட்டுத் தூசிதானே."

காலையில் வந்த நர்ஸ் மகளை வாசலுக்கு அழைத்துப் போய், இன்றோ நாளையோ என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். மகள் அதை வந்து அவரிடம் சொன்னாள். சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனார். வட்டமான ஒரு சீலிங் லைட்டோடு திரும்பி வந்தார். "இன்னைக்காப்பா இந்த வேலை?" என்று மகள் கேட்டாள். "இன்னைக்குத்தான்" என்றார்.

நாலு மாதமாக அவளால் மல்லாந்து படுக்கத்தான் முடிந்தது. பார்ப்பதற்கு அவளுக்கு இருந்ததெல்லாம் ஒயரில் தொங்கிய ஒற்றை பல்பும் அதைச் சுற்றிய ஒட்டடையும்தான். பக்கத்து வீட்டுச் சுவர் ஜன்னலை அடைத்துக்கொண்டு நிற்பதால் நடுப்பகலிலும் அந்த அறைக்கு விளக்கு வேண்டும். "ஊர்ல இருக்கற வீட்டுக்கெல்லாம் அழகழகா மாட்டறீங்க. எனக்கு மட்டும் தூக்குல தொங்கறவன் மாதிரி ஒண்ணு" என்று போன வாரம்கூடச் சொன்னாள். முப்பத்தோரு வருடமாக அவர் சொல்லிவந்த பதில், அடுத்த வாரம். இனி அந்தப் பதில் செல்லாது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அவள் கண் திறந்திருக்கும்போதே இந்த விளக்கு எரிந்துவிட வேண்டும்.

கல்யாணமான புதிதில் இந்த வீட்டுக்கு ஒயரிங் செய்தது அவர்தான். அதோடு சரி. சொந்த வீட்டில் அவர் ஒரு பல்பு மாற்றியது கிடையாது. ஊர் வேலையெல்லாம் முடித்து வருகிறவருக்குச் சாப்பிட்டதும் கண் சொருகிவிடும். அவளேதான் ஸ்டூல் போட்டு ஏறி மாற்றிக்கொள்வாள்.

சுவர் ஸ்விட்ச் அணைந்திருந்தது. ஆனாலும் பழக்க தோஷம், கரண்ட் இருக்கிறதா என்று சட்டைப் பையிலிருந்த டெஸ்டரை எடுத்து ஹோல்டரில் வைத்துப் பார்த்தார். டெஸ்டர் எரிந்தது.

"ஸ்விட்ச போட்டுட்டியாம்மா?"

"இல்லையேப்பா" என்றாள் மகள்.

இறங்கி வந்து ஸ்விட்சைக் கழற்றிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். உள்ளே இருந்தது கரண்ட் திரும்பிப் போகிற கறுப்பு ஒயர். கரண்டைக் கொண்டுவருகிற சிவப்பு ஒயர்தான் ஸ்விட்சுக்கு வந்திருக்க வேண்டும். அது நேரே விளக்குக்குப் போயிருந்தது. இப்படிக் கொடுத்தால் ஸ்விட்சை அணைத்ததும் விளக்கு அணையும், ஆனால் ஹோல்டரில் கரண்ட் நின்றுகொண்டேதான் இருக்கும். தொழிலுக்கு நேற்று வந்தவன் செய்கிற தப்பு. வேறு எவன் செய்திருந்தாலும் வாய்க்கு வந்தபடி திட்டியிருப்பார். இது அவரே செய்தது. புதுப் பெண்டாட்டி டீயோடு வந்து ஏணிக்குக் கீழே நின்று பேசிக்கொண்டிருந்த பத்து நிமிஷத்தில் செய்த வேலை.

"இந்த பல்பு கடிக்குதுங்க" என்று அவள் எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள். ஸ்விட்சை அணைத்துவிட்டுத்தான் துடைத்தேன், அப்போதும் சுரீரென்று கடித்தது என்பாள். அவர் சிரிப்பார். "அணைச்ச பிறகு கரண்ட் எங்கேருந்து வரும்? உன் உடம்புலயே இருக்கு" என்பார். அது போதாதென்று, வேலைக்குப் போன வீடுகளிலெல்லாம் அதைச் சொல்லிச் சிரிக்கவைத்திருக்கிறார். தப்பு தன்னுடையதுதான் என்று அவளிடம் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் அவளை அனுப்பக் கூடாது.

"மெயினை அணைக்கணும்" என்றார் மகளிடம். "ஃபேன் நிக்கும். பத்து நிமிஷம்."

"அப்படியே மாட்டுங்கப்பா. எரியும்ல?"

"எரியும்."

"அப்புறம் என்ன?"

கட்டிலிலிருந்து குரல் வந்தது. "விடுடி. செய்யட்டும்."

மகள் ஒரு காலண்டர் அட்டையை எடுத்து அம்மாவுக்கு விசிறினாள். அவர் கதவுக்கு மேலே, ஒயர்கள் கூடுகிற ஜங்ஷன் பாக்ஸைத் திறந்தார். இரண்டு இணைப்பைப் பிரித்து இடம் மாற்ற வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஆனால் அன்று சுற்றிய டேப் இறுகிக் கல்லாகியிருந்தது. பத்து நிமிஷம் இருபது ஆயிற்று. அவள் மூச்சு வாங்குகிற சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டே இருந்தது. கேட்கிறவரை நல்லது என்று நினைத்துக்கொண்டு வேலை செய்தார். மாற்றிய ஒயர்களின் நுனியில் அடையாளத்துக்குச் சிவப்பு டேப் சுற்றினார். புது விளக்கின் தட்டைக் கூரையில் திருகி, ஒயர்களைப் பூட்டி, வட்ட மூடியைப் பொருத்திவிட்டு இறங்கினார்.

மெயினைப் போட்டதும் ஃபேன் சுற்றியது. விளக்கை இன்னும் போடவில்லை. மகளைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி அனுப்பிவிட்டுக் கட்டிலோரம் உட்கார்ந்தார்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

"பல்பு உன்னைக் கடிச்சது நிஜம்தான். ஒயரை மாத்திக் குடுத்திருக்கேன். ஆரம்பத்துலேருந்தே."

அவள் உதட்டோரம் லேசாக அசைந்தது. "தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"கறுப்பு, சிவப்பு எல்லாம் தெரியும். ஒட்டகத் தம்பி சொல்லுச்சு."

ஒட்டகம் என்பவன் அவரோடு ஒன்பது வருடம் வேலை செய்தவன், கழுத்து நீளம். ஒரு பள்ளிக்கூட வேலையில் இணைப்பு சரியில்லை என்று நாலு பேர் முன்னால் அவனை அவர் கிழிகிழியென்று கிழிக்க, அன்றே பையைத் தூக்கிக்கொண்டு போய் அடுத்த தெருவில் தனிக்கடை போட்டுவிட்டான். அதிலிருந்து பேச்சுவார்த்தை கிடையாது. எதிரே வந்தால் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொள்வார்கள்.

"அவன் எப்ப இங்க வந்தான்?"

அவள் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "நீங்க சண்டை போட்டு ஆறு மாசம் இருக்கும். பாப்பா பத்தாவது படிச்சா. நீங்க வெளியூர் வேலைக்குப் போயிருந்தீங்க. அன்னைக்குப் பல்பு கடிச்சு ஸ்டூல்லேருந்தே தள்ளிவிட்டுடுச்சு. பயந்துபோய் அந்தத் தம்பியைக் கூப்பிட்டேன்." கொஞ்ச நேரம் மூச்சை மட்டும் விட்டாள். "மாத்தித் தர்றேன்னுச்சு. வேணாம்னுட்டேன்."

"ஏன் வேணாம்னே?"

"எலக்ட்ரீஷியன் வீட்டு விளக்கை இன்னொருத்தர் வந்து சரி பண்ணினாருன்னு தெரிஞ்சா, அப்புறம் உங்களை எவன் கூப்பிடுவான்? வெளிய சொல்லாதப்பான்னேன். சொல்லலை."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல."

"சொன்னேனே. சிரிச்சீங்க."

"அப்புறம் எப்படித் துடைச்சே?" என்று கேட்டார்.

"மெயினை அணைச்சுட்டு. சில நாள் திருப்பிப் போட மறந்துடுவேன். ஃப்ரிட்ஜ் ஒழுகுதுன்னு கத்துவீங்களே, அதான்."

அந்த ஃப்ரிட்ஜை அவர் மூன்று தடவை பிரித்துப் பார்த்திருக்கிறார். ஒரு கோளாறும் அகப்பட்டதில்லை. அவருக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணில் தண்ணீரும் வந்தது. அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். இந்த மனுஷி மேல் தனக்கு உயிர் என்பதை ஒரு நாள்கூட வாய்விட்டுச் சொன்னதில்லையே என்று நினைத்தார். இப்போதும் வாய் வரவில்லை. எழுந்து போய் ஸ்விட்சைப் போட்டார்.

மூலை முடுக்கெல்லாம் வெளிச்சம் பரவியது. சொம்போடு வந்த மகள் நிலைப்படியிலேயே நின்றாள். கட்டிலில் கிடந்தவள் கண்ணைச் சுருக்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா இருக்கு" என்றாள். பிறகு, "கண்ணு கூசுது. அணைங்க."

அணைத்தார்.

"இப்பக் கடிக்காதா?"

"கடிக்காது."

"நிஜமா?"

"நிஜமா."

சரி என்பதுபோல் கண்ணை மூடிக்கொண்டாள். நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் மூச்சு நின்றது. கை அவர் கையில்தான் இருந்தது. ஆனாலும் மகள் சொல்கிறவரை அவருக்குத் தெரியவில்லை.

செய்தி தெருவுக்குள் பரவி ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். அறைக்குள் முகம் தெரியவில்லை. "லைட்டைப் போடுங்கம்மா" என்றது ஒரு குரல். மகள் ஸ்விட்சில் விரலை வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார்.

விளக்கு எரிந்ததும் எல்லோரும் கட்டிலைப் பார்த்தார்கள். வாசலருகே கூட்டத்துக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த ஒரு கழுத்து மட்டும் அண்ணாந்தது. ஒட்டகம் விளக்கைப் பார்த்தான், சுவர் ஸ்விட்சைப் பார்த்தான், பதினோரு வருடத்துக்குப் பிறகு அவர் முகத்தைப் பார்த்தான்.

"மாத்திட்டேன்" என்றார் அவர்.

ஒட்டகம் ஆட்களை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தான். கட்டிலருகே போட்டிருந்த பெஞ்சில் அவர் கொஞ்சம் நகர்ந்து அவனுக்கு இடம் விட்டார்.