வண்ணக்கரின் முழங்கால் எண்ணெய்

குருக்கள்மடத்தில் யாரைக் கேட்டாலும் வினாயகமூர்த்திக்குப் பொய் சொல்ல வராது என்பார்கள். கோயில் வண்ணக்கர் அவர். கோயிலின் சாவியும் கணக்கும் அவர் கையில்தான். வாவிக்கரையில் இறாலும் நண்டும் வாங்கி ஐஸ் போட்டு அனுப்புகிற வியாபாரத்திலும், தராசுத் தட்டில் விரல் வைக்காத மனிதர் என்று பெயர் எடுத்தவர். அப்படிப்பட்டவர் ஒரேயொரு பொய்யை மட்டும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

"மகள் ஹோட்டல்ல ரிசெப்ஷன்ல இருக்கிறா."

மகள் தனுஷியா பாசிக்குடா ஹோட்டல் ஒன்றின் பாரில் நின்றாள். சாப்பாட்டு மேசைக்குத் தண்ணீர் வைக்கப் போனவளின் நாக்கு ருசி பிடிப்பதில் எவ்வளவு கூர்மை என்பதைக் கண்டுபிடித்த யாரோ ஒருவர், அவளைப் போத்தல்களின் பக்கம் நகர்த்திவிட்டார். பெரிய பெரிய ஆட்களெல்லாம் அவள் கலக்கித் தருவதற்காகக் காத்திருப்பார்களாம். வினாயகமூர்த்திக்கு இதைக் கேட்கும்போது நெஞ்சு விம்மும். அடுத்த நிமிஷமே, "வண்ணக்கர்ற மகள் சாராயம் ஊத்துறாளாம்" என்று கரையில் ஒருவன் சொல்வது போலக் காதில் கேட்கும். நெஞ்சு பழையபடி சுருங்கிவிடும்.

இப்போது வாவியோரத்தில் ஒரு புது ஹோட்டல் எழும்பிக்கொண்டிருந்தது. அதன் பாருக்குத் தலைமை தாங்க ஓர் ஆள் வேண்டும். மனேஜர் மேனுகா கொழும்பிலிருந்து வந்தவர். தனுஷியாவைக் கண்டு பேசிவிட்டு, "எங்கட பார்ல இன்னும் சீமெந்து மணம் போகேல்ல. சனிக்கிழமை ஆறு மணிக்கு உங்கட வீட்டுக்கே வாறன். வேற எங்கயும் கிடைக்காத ஒண்டைச் செய்து தாங்க. அதைக் குடிச்சிட்டுத்தான் முடிவு" என்று சொல்லியிருந்தார்.

தனுஷியாவுக்கு அன்றிலிருந்து நித்திரை இல்லை. அவள் அப்பாவுக்கும் இல்லை. ஆனால் காரணம் வேறு. மகளின் போனிலிருந்து மேனுகாவின் நம்பரை எடுத்து, கிணற்றடியில் நின்று அவர் இரகசியமாக ஒரு கோல் எடுத்திருந்தார். "மிஸ், அவவுக்கு ரிசெப்ஷன்ல ஒரு இடம் தந்தாப் பெரிய புண்ணியமாப் போகும்." மேனுகா "பாப்பம் ஐயா" என்று மட்டும் சொன்னார். இந்தக் கதை வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. பொய்யாக இருந்ததை உண்மையாக்கிவிட்டால் பொய் சொன்ன பாவம் தீர்ந்துவிடும் என்பது வண்ணக்கரின் கணக்கு.

வெள்ளிக்கிழமை பின்னேரம் தனுஷியா குசினியில் பேக்கன் பொரித்தாள். புகையில் பதப்படுத்திய பன்றி இறைச்சி அது. மட்டக்களப்பு டவுனிலிருந்து வாங்கி வந்திருந்தாள். மணம் மூன்று வேலிகளைத் தாண்டிப் போனது. தாய் சின்னத்தங்கம் மூக்கைச் சுளித்துக்கொண்டே இரண்டு துண்டை வாயில் போட்டுக்கொண்டாள்.

"இறைச்சியத் திண்டாச் சரிதானேகா. கொழுப்ப என்னத்துக்கு வடிச்சு வைக்கிறாய்?"

"கொழுப்புத்தானம்மா எனக்கு வேணும்."

வடித்த கொழுப்பை ஒரு போத்தல் தென்னஞ்சாராயத்தில் ஊற்றிக் குலுக்கி வைத்தாள். இரவு முழுக்க அது ஊற வேண்டும். காலையில் ஃபிரீசரில் வைத்தால் கொழுப்பு மேலே வந்து வெள்ளையாக உறையும், இறைச்சிக்கறியில் மறுநாள் உறைந்து நிற்குமே, அப்படி. உறைந்ததை எடுத்து எறிந்துவிட்டு மிச்சத்தைத் துணியில் வடித்தால் சாராயத்தில் எண்ணெய்ப் பசை ஒரு துளியும் இருக்காது. புகை மணமும் உப்புச் சுவையும் மட்டும் நிற்கும். அதோடு கொஞ்சம் வெர்மூத் வைனும், ஒலிவ் காய் ஊறிய உப்புத் தண்ணியும் சேர்த்து ஐஸில் கலக்கினால் மார்ட்டினி. தனுஷியா ஒலிவ் போத்தலை வாங்கவேயில்லை. பார்வைக்கு ஒலிவ் போலவே இருக்கும் வெரளிக்காயை உப்பிலும் கொச்சிக்காய் மிளகாயிலும் ஊறப்போட்டு வைத்திருந்தாள்.

"பள்ளிக்கூட வாசல்ல விக்கிற காயக் கொழும்பு மிஸ்ஸுக்குக் குடுக்கப் போறியா?" என்று கேட்டார் வினாயகமூர்த்தி.

"அது எங்கட காயப்பா. ஒலிவ் எல்லா ஹோட்டல்லயும் கிடக்கு."

அவள் அந்த உப்புத் தண்ணியைச் சொட்டுச் சொட்டாக நாக்கில் விட்டுப் பார்ப்பதை அவர் கதவோரம் நின்று பார்த்தார். ஒரு சொட்டுக் கூடினால் முகம் சுருங்கியது, குறைந்தால் தலை ஆடியது. தராசு முள்ளைத் தான் பார்ப்பது போலவே பிள்ளை பார்க்கிறாள் என்று அவருக்குப் பெருமை பொங்கி வந்தது. அதை விழுங்கிக்கொண்டு போய்விட்டார்.

சனிக்கிழமை காலை போத்தல் ஃபிரீசருக்குள் போனது. பின்னாலேயே கரண்டும் போனது. லைன் திருத்த வேலையாம், பின்னேரம் வரை வராதாம். வினாயகமூர்த்தி கரையிலிருந்து ஒரு வாளி ஐஸ் அனுப்பினார். தகரக் கூரைக்குக் கீழே அது மத்தியானத்துக்குள் தண்ணீராகிவிட்டது. அவர் சாப்பிட வந்தபோது தனுஷியா போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே கொழுப்பு உறையாமல் கலங்கிக் கிடந்தது. அவள் அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது சொல்லித் தேற்றியிருக்கலாம்.

"இஞ்ச தா புள்ள" என்றார்.

"எங்கப்பா கொண்டு போறீங்க?"

"கரையில பெரிய பெட்டி ஐஸ் கிடக்கு."

"எல்லாரும் காணுவாங்களே."

அதை அவரும் யோசித்திருந்தார். போத்தலைத் துவாயில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சைக்கிளை எடுத்தார்.

கரையில் ஐஸ் பெட்டிகள் வரிசையாக இருந்தன. பெரிய பெட்டிகளில் இருந்த நண்டும் இறாலும் காத்தான்குடி வியாபாரி கச்சி முகம்மதுவுக்குப் போகிறவை. பன்றிக் கொழுப்பு இருக்கிற போத்தல் அவற்றின் கிட்டவும் போகக் கூடாது. ஆகவே வெள்ளை நுரைப் பலகையில் செய்த ஒரு பழைய ரெஜிபோம் பெட்டியைத் தேடி எடுத்து, தனியாக ஐஸ் கொட்டி, போத்தலைப் புதைத்து, தூரத்தில் வைத்தார். இவ்வளவையும் சரியாகச் செய்தவர் ரதீஸின் கண்ணை மறந்துவிட்டார். தோணியிலிருந்து வலையை இறக்கிக்கொண்டிருந்த ரதீஸ் கேட்டுவிட்டான்.

"வண்ணக்கர் மாமா, அதென்ன சாராயப் போத்தல்?"

கரையே திரும்பிப் பார்த்தது.

"முழங்கால் எண்ணெய்" என்றார் வினாயகமூர்த்தி. "வெல்லாவெளிப் பரியாரியார் காய்ச்சித் தந்தவர். குளிர்ல வைக்கட்டாம்."

ஒரு பொய்யை மறைக்க ஆயிரம் பொய் என்பார்கள். இரண்டாவது பொய் இத்தனை சுகமாக வரும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை. சாராயப் போத்தலில் எண்ணெய் வைப்பது ஊரில் புதினமா? மேலே கொழுப்பும் மிதந்தது. எல்லாரும் நம்பினார்கள். கொஞ்சம் அதிகமாகவே நம்பிவிட்டார்கள் என்பதுதான் பிறகு வந்த கரைச்சல்.

மத்தியானத் தொழுகையான லுஹரை முடித்துவிட்டுக் கச்சி முகம்மது தன் சின்ன லொறியில் வந்து இறங்கினார். கொஞ்ச நாளாக அவருக்கு முழங்கால் மடங்குவதில்லை. கதிரையில் இருந்துதான் தொழுகிறார். அந்தத் துக்கத்தைக் கரையில் எல்லாரிடமும் சொல்லியிருந்தார். ரதீஸ் நல்ல பிள்ளை. கேட்காமலே உதவி செய்கிறவன்.

"நானா, வண்ணக்கர் மாமாட்ட முழங்கால் எண்ணெய் கிடக்கு. அந்தா, அந்தப் பெட்டிக்க."

வினாயகமூர்த்தி இறால் நிறுத்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தியபோது கச்சி முகம்மது ஒரு கல்லில் இருந்து, சாரத்தை முழங்காலுக்கு மேல் மடித்து, போத்தலின் மூடியில் கை வைத்திருந்தார்.

"நானா! துறக்காதீங்க!"

கச்சி முகம்மதுவின் முகம் வாடிவிட்டது. "என்ன வண்ணக்கர்? ரெண்டு துளி பூசினாக் குறைஞ்சா போயிடும்?"

மூன்றாவது பொய் நாக்கு நுனியில் தயாராக நின்றது. எண்ணெய் இன்னும் பதம் வரவில்லை, பூசினால் தோல் எரியும் என்று சொன்னால் முடிந்தது. சொல்ல வாயெடுத்தார். கல்லில் இருந்த மனிதரின் வீங்கிய முழங்காலைப் பார்த்தார். அது மடங்கித் தரையில் பட வேண்டும் என்றுதானே அந்த மனிதர் இப்படி ஏங்குகிறார். அந்தக் காலுக்கு முன்னால் பொய் வரவில்லை.

"அது எண்ணெய் இல்ல நானா. சாராயம். பண்டிக் கொழுப்பும் கலந்து கிடக்கு."

கச்சி முகம்மது போத்தலை மெதுவாக ஐஸுக்குள் வைத்தார். எழும்பி வாவிக்குப் போய், மணல் போட்டுக் கையைக் கழுவினார். ரதீஸ்தான் வாயைத் திறந்தான்.

"வண்ணக்கர் மாமா, நீங்களும் துவங்கிற்றீங்களா?"

"நான் குடிக்கிறல்ல!" வினாயகமூர்த்தி வெடித்தார். "அது என்ட மகள்ற வேல. அவ ரிசெப்ஷன்ல இல்ல. ஒருநாளும் இருந்ததும் இல்ல. பார்ல நிக்கிறா. வெள்ளக்காரன் வரிசையில நிண்டு வாங்கிக் குடிக்கிறான். சும்மா ஊத்திக் குடுக்கிற வேலயெண்டு நினைச்சீங்களா? கொழுப்ப வடிச்சு, ஊற வச்சு, உறைய வச்சு எடுக்கோணும். எங்கட வெரளிக்காய்த் தண்ணியில ஒரு சொட்டுக் கூடினாலும் அவட நாக்குப் பிடிச்சிடும். உங்கள்ல ஆருக்காவது ஏலுமா? எனக்கு ஏலா!"

இறால் கூடையைக் கையில் பிடித்தபடியே முழுச் செய்முறையையும் கரைக்குச் சொல்லி முடித்தார். இவ்வளவு காலமும் விழுங்கி வைத்த பெருமை எல்லாம் ஒரேயடியாக வெளியே வந்தது. அது இத்தனை பெரிதாக உள்ளே கிடந்தது அவருக்கே தெரியாது.

கச்சி முகம்மது கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"எங்களுக்கு அது ரெண்டும் ஆகாது வண்ணக்கர். நீங்க வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா எனக்குத் தெரிய வந்திராது. மானத்த விட்டுப்போட்டுச் சொன்னீங்க. அத நான் மறக்கமாட்டன்." பிறகு ரதீஸின் பக்கம் திரும்பினார். "டேய், அந்தப் பெட்டி வெயில்ல கிடக்கு. நிழல்ல வை. புள்ளட வேல கெட்டுப்போயிடும்."

போகும்போது தன் பங்கிலிருந்து பெரிய இறாலாகப் பொறுக்கி ஒரு பையில் போட்டு, "வாற மிஸ்ஸுக்குப் பொரிச்சுக் குடுக்கச் சொல்லுங்க" என்று நீட்டினார்.

பின்னேரம் போத்தலுக்குள் கொழுப்புக் கட்டியாக உறைந்திருந்தது. தனுஷியா ஒரு கம்பியால் அதைக் குத்தி, கீழே இருந்ததைத் துணியில் வடித்தாள். தெளிந்த பொன் நிறம். மேனுகா சொன்ன நேரத்துக்கு வந்தார். ஐஸ் போட்டுக் குளிர வைத்த கிளாசில் மார்ட்டினி, அதில் ஒரு வெரளிக்காய், விளிம்பில் மொறுமொறுத்த பேக்கன் துண்டு, பக்கத்தில் பொரித்த இறால்.

முதல் வாய்க்கு மேனுகா கிளாசைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். இரண்டாவது வாய்க்குக் கண்ணை மூடினார். வினாயகமூர்த்தி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான் கொழும்பில குடிச்சிருக்கிறன், சிங்கப்பூர்ல குடிச்சிருக்கிறன்" என்றார் மேனுகா. "இது அங்கயெல்லாம் இல்ல. இதுக்கு என்ன பேர்?"

"இன்னும் வைக்கேல்ல மிஸ்."

"முழங்கால் எண்ணெய்" என்று குசினிக்குள்ளிருந்து குரல் வந்தது. போத்தல் வீடு வந்து சேர முந்தியே கதை வந்து சேர்ந்திருந்தது. சின்னத்தங்கம் வெளியே வந்து, கரையில் நடந்தது அத்தனையையும் சொன்னாள். மேனுகா சிரித்துச் சிரித்துக் கிளாசைக் கீழே வைத்துவிட்டார். பிறகு சிரிப்பு அடங்கி, வினாயகமூர்த்தியைப் பார்த்தார்.

"பேர் அதுதான். மெனு கார்ட்டில முதலாவதா அதத்தான் போடுவன். ஆனா ஒரு விஷயம் ஐயா. நீங்க போனில கேட்டீங்கதானே, ரிசெப்ஷன்லயும் ஒரு இடம் கிடக்கு. நான் என்ன செய்ய?"

தனுஷியா திரும்பித் தகப்பனைப் பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்க அவரால் முடியவில்லை. தராசுத் தட்டில் விரல் வைத்தவன் கையும் களவுமாகப் பிடிபட்டது போல நின்றார். மகள் கோபப்பட்டிருந்தால் நன்றாயிருக்கும். அவள் கண்ணில் இருந்தது கோபம் இல்லை, வலி.

"கேட்டனான்தான் மிஸ்" என்றார். பிறகு மகளின் முகத்தைப் பார்த்தே சொன்னார்.

"இண்டைக்குக் கரை முழுக்கச் சொல்லிப்போட்டன், என்ட மகள் பார்லதான் நிக்கிறா எண்டு. இனி நீங்க அவவ ரிசெப்ஷன்ல போட்டீங்களெண்டா, நான் பொய்க்காரனாப் போயிடுவன்."