வலது முன் சக்கரத்துப் பிராது

கொளஞ்சிநாதன் காரில் பிரேக்கை மிதித்தால் விருத்தாசலத்தில் உள்ள பீங்கான் பொம்மைகள் எல்லாம் கார் நிற்கிற திசைக்குத் திரும்பிவிடும். கார் நடுங்கும், அந்த நடுக்கம் தரைவழியாகப் போய்ப் பொம்மைகளைத் திருப்பிவிடும், அவ்வளவுதான். கடைகளில் அடுக்கி வைத்த செட்டியார் பொம்மையும் அவர் சம்சாரமும் வாங்க வந்தவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள். கடைக்காரர்கள் முதல் வாரம் திட்டினார்கள், இரண்டாம் வாரம் சலிக்காமல் திருப்பி வைத்தார்கள், மூன்றாம் வாரம் அதையே ஒரு வசதியாக்கிக்கொண்டார்கள். சூளைக்காரர் கொளஞ்சிநாதன் எங்கே என்று யாராவது கேட்டால் பிள்ளையார் பொம்மை பார்க்கிற பக்கம் கையைக் காட்டுவார்கள். அவர் மனைவி செல்வநாயகிகூட டிவி மேலிருக்கும் பீங்கான் கிளி தெருமுனைப் பக்கம் திரும்பிய பிறகுதான் தோசைக்கல்லை அடுப்பில் வைப்பாள்.

செராமிக் பேட்டையில் இருபத்திரண்டு வருஷமாகச் சூளைக்குப் பொறுப்பு கொளஞ்சிநாதன்தான். நல்ல மனுஷர், ஆனால் தப்பு எப்போதும் அடுத்தவன் மேல்தான் இருக்கும் என்பது அவர் கொள்கை. பழைய வெள்ளைக் கார் ஒன்றை அவர் வாங்கியது ஒரே காரணத்துக்காக. திட்டக்குடிக்கு அந்தப் பக்கமுள்ள மங்களூரில் கட்டிக்கொடுத்த ஒரே மகள் வேல்விழியைத் தலைப்பிரசவத்துக்குச் சொந்தக் காரில் அழைத்து வரவேண்டும். இதை ஊர் முழுக்கச் சொல்லியும் வைத்திருந்தார். செல்வநாயகியின் தம்பி பாவாடை, ஜங்ஷன் ரோட்டில் மெக்கானிக், காருக்குப் புது பிரேக் பேடு போட்டுக் கொடுத்தான். அடுத்த மாதமே நடுக்கம் ஆரம்பித்தது. போட்டவன்தானே கெடுத்தவன்? மச்சானோடு பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டு வேறு கடைகளுக்குப் போனார். ஒருவர் வீல் பேலன்சிங் செய்தார், ஒருவர் அலைன்மென்ட் பார்த்தார், மூன்றாமவர் நான்கு டயரையும் மாற்றினார், நான்காமவர் பிரேக் போடாமல் ஓட்டிப் பாருங்கள் என்றார்.

விவகாரம் முற்றியது சம்பந்தி பெரியநாயகி அந்தக் காரில் ஏறிய நாளில்தான். மங்களூர் போய்ச் சேருவதற்குள் வழியில் பதினேழு வேகத்தடை. இறங்கும்போது அந்த அம்மாளின் இரண்டு பல் ஆட்டம் கண்டிருந்தது, மடியில் வைத்திருந்த சொம்புப் பாலில் வெண்ணெய் திரண்டிருந்தது. வெண்ணெயை வழித்து ஒரு கிண்ணத்தில் போட்டு வைத்துவிட்டுத்தான் தீர்ப்புச் சொன்னார்.

"எம் மருமவ வயித்துல இருக்கறது புள்ள, தயிரு இல்ல. காரு நடுங்காம வந்தா அனுப்புறன். இல்லன்னா தலப்பிரசவம் இங்கயே ஆவட்டும்."

வளைகாப்புக்கு இரண்டு மாதம் இருந்தது. வாடகைக் காரில் போகலாமே என்று செல்வநாயகி சொன்னதற்கு, சொந்தக் காரை வாசலில் நிறுத்திவிட்டு வாடகைக் காரில் பெண்ணை அழைத்து வருவதைவிட நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் என்றார். அன்றிரவு அவர் சாப்பிடவில்லை. மகள் பிள்ளையைப் பெற்றெடுக்கும்போது தாய் வீட்டில் இல்லாமல் போய்விடுவாளோ என்று பயந்துகொண்டே கிடந்தார்.

போலீசிலும் கோர்ட்டிலும் தீராத விவகாரத்துக்கு இந்தப் பக்கத்து ஜனங்கள் கொளஞ்சியப்பர் என்கிற முருகன் சந்நிதிக்குப் போவார்கள். குறையைத் தாளில் எழுதி வேலில் கட்டினால் அது பிராது. மூன்று மாதத்துக்குள் சாமி பார்த்துத் தீர்த்து வைக்கும். தீர்ந்ததும் மறுபடி போய் ராஜினாமா எழுதிக் கொடுத்துப் பிராதை வாங்கிக்கொள்ள வேண்டும். கொளஞ்சிநாதன் கார் நம்பர், பேடு மாற்றிய தேதி எல்லாம் எழுதி, எதிரி என்ற இடத்தில் கொஞ்சமும் யோசிக்காமல் பாவாடையின் பெயரைப் போட்டுக் கட்டினார். சாமி பெயரையே தாங்கியவர் என்பதால் தன் மனுவுக்குக் கொஞ்சம் முன்னுரிமை கிடைக்கும் என்றும் நினைத்தார்.

கிடைத்தது. திரும்பி வரும்போது முதல் வேகத்தடையில் பிரேக் போட்டார். ஜங்ஷன் ரோட்டில் பாவாடையின் கையிலிருந்த ஸ்பேனர் நடுங்கிக் கீழே விழுந்தது.

அன்று முதல் மாமன் பிரேக் மிதித்தால் மச்சான் நடுங்கினான். டீ சிந்தியது. சவரம் செய்யும்போது பாதி மீசை போனது, பார்க்கச் சகிக்காமல் மீதியையும் எடுத்துவிட்டான். பிராது கட்டிய சேதி அக்கா மூலம் தெரிந்தபோது அவனுக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. ஆனால் அவன் மெக்கானிக் இல்லையா, நடுங்குவது எதுவாக இருந்தாலும் எங்கே நடுங்குகிறது என்று பார்க்காமல் இருக்க முடியவில்லை. நான்கு நாள் ஸ்டூலில் உட்கார்ந்து தன் உடம்பையே கவனித்தான். ஐந்தாம் நாள் அக்கா வீட்டுக்குப் போய் வாசலில் நின்றபடியே சொன்னான்.

"மாமா, நீங்க பிரேக்கு போட்டா எனக்குக் கைதான் நடுங்குது, இடுப்பு நடுங்கல. பின்சக்கரமா இருந்தா ஒக்காந்த எடம் ஆடணும். இது முன்சக்கரம். அதுலயும் வலது கைதான் ரொம்ப ஆடுது."

எதிரியே வந்து துப்புச் சொன்னால் வாதி என்ன செய்வது? கொளஞ்சிநாதன் சாவியைக் கொடுத்தார்.

பாவாடை வலது முன் சக்கரத்தைக் கழற்றினான். பேடு புதுசு மாதிரியே இருந்தது. சக்கரத்தோடு சுற்றுகிற இரும்புத் தட்டு, டிஸ்க் என்பார்களே, அதன் ஓரத்தில் அளவு பார்க்கும் கருவியை வைத்துச் சுற்றினான். முள் போவதும் வருவதுமாக ஆடியது. தட்டு வளைந்திருந்தது. அளவுக்கு மேல் தேய்ந்துபோனதால் கடைசலில் சீவவும் வழியில்லை. காரை எப்படிக் கழுவுகிறீர்கள் என்று கேட்டான். வெளியூர் போய் வந்ததும் சக்கரம் கொதிக்கும், பாவமாக இருக்கும், உடனே ஓஸ் பைப்பைப் பிடித்து ஜில்லென்று தண்ணீர் அடிப்பேன் என்று பெருமையாகச் சொன்னார் கொளஞ்சிநாதன். பாவாடை ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

"சூளை ஆறறதுக்குள்ள கதவத் தொறந்தான்னு எத்தினி பேர தொரத்தித் தொரத்தி அடிச்சிருக்கீங்க. பொம்மைக்கு ஒரு ஞாயம், சக்கரத்துக்கு ஒரு ஞாயமா மாமா?"

கொளஞ்சிநாதன் பழைய டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டார். சூட்டோடு குளிர் பட்டால் எது என்ன ஆகும் என்று ஊருக்கே பாடம் எடுத்த மனுஷர். வெட்கம் பிடுங்கித் தின்றது. "தப்பு என்னுதுதான் மச்சான்" என்றார். அந்த வாக்கியத்தை அவர் வாயால் கேட்டவர்கள் அதற்கு முன் யாரும் இல்லை. இப்போதே போய் ராஜினாமா கொடுத்துவிட்டு வருகிறேன் என்று எழுந்தார். இரண்டு பக்கமும் புது டிஸ்க் மாட்டிக்கொண்டிருந்த பாவாடை தலையைத் தூக்காமல் தடுத்தான்.

"இப்ப வேணாம். வேல்விழிய கொண்டாந்து வூட்டுல எறக்கிட்டுப் போங்க. வழியில பிரேக்கு நடுங்குனா எனக்குத் தெரியணும்."

வளைகாப்புக்குத் தாய்மாமன் போகாதது குடும்பத்தில் அதுதான் முதல் தடவை. எல்லோரும் மங்களூர் போனார்கள். பெரியநாயகி தெருவிலேயே காரை மூன்று முறை ஓட்டி நிறுத்தச் சொல்லி, சொம்புப் பாலோடு உள்ளே உட்கார்ந்து பார்த்து, வெண்ணெய் திரளவில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே மருமகளை ஏற்றினார். இங்கே கடையில் பாவாடை தளும்பத் தளும்ப ஒரு டம்ளர் டீயை வலது உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தான். வேடிக்கை பார்க்க முப்பது பேர் சேர்ந்துவிட்டார்கள். திட்டக்குடி தாண்டிவிட்டதாகப் போன் வந்தது, டீ அசையவில்லை. பெண்ணாடம் தாண்டியது, டீயில் ஆடை கட்டியது, அசையவில்லை. அப்புறம் ஒரே ஒரு முறை, தட்டியது போல, டம்ளர் துள்ளி இரண்டு சொட்டு மணிக்கட்டில் வழிந்தது. பாவாடைக்கு உயிரே போய்விட்டது.

கார் கடை வாசலில் வந்து பூப்போல நின்றது. அவன் யாரையும் பார்க்காமல் நேராக வலது முன் சக்கரத்தடியில் போய்க் குந்தினான். வேல்விழி வளையல் குலுங்க இறங்கினாள்.

"சக்கரத்த வுடு மாமா. கருவேப்பிலங்குறிச்சிகிட்ட வரும்போது புள்ள ஒதச்சிது."

அந்த இடத்தில் பிரேக்கே மிதிக்கவில்லை என்று கொளஞ்சிநாதனும் சாட்சி சொன்னார். மறுநாள் காலையில் ராஜினாமாத் தாளோடு கிளம்பியவரைப் பிரசவம் ஆகட்டும் என்று பாவாடைதான் நிறுத்தி வைத்தான். அதனால் பிராது இன்னும் வேலிலேயே கிடக்கிறது. வேலைக்கு நடுவே, பிள்ளை உதைத்து, கை துள்ளினால் அவன் ஸ்பேனரை வைத்துவிட்டு ஒரு நிமிஷம் சும்மா உட்காருவான், வண்டி விட வந்தவர்களும் காத்திருப்பார்கள். ஊரிலுள்ள பொம்மைகள் எல்லாம் இப்போது கொளஞ்சிநாதன் வீட்டுப் பக்கமே பார்த்து நிற்கின்றன. டிவி மேலிருக்கும் கிளியைச் செல்வநாயகி தினமும் துடைக்கிறாள், துடைத்து மறுபடியும் வேல்விழி படுத்திருக்கும் அறையைப் பார்த்தபடியே வைத்துவிடுகிறாள்.