ஐஸ்கட்டிக்குக் கம்பளி

கதவு திறந்தது. வின்ஸம் டெய்ட் உள்ளே வந்தார். பல்கலைக்கழகத்திலிருந்து வரும் மேற்பார்வையாளர். கையில் கோப்பு, முகத்தில் ஒன்றுமில்லை.

பயிற்சி ஆசிரியை நைரி மக்லீஷ் துடைத்த கரும்பலகையையே மறுபடி துடைத்தாள்.

போன மாதம் இதே டெய்ட், இதே வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துவிட்டு ஒரே வரியில் அவளைச் சாய்த்திருந்தார். "நீ நல்லாப் பேசற, நைரி. ஆனா பிள்ளைங்க எப்ப யோசிச்சாங்க?"

இன்று இரண்டாவது வாய்ப்பு. கடைசி வாய்ப்பும் அதுதான். தவறினால் பயிற்சி வருடம் முழுவதும் வீண். பால் பவுடர் ஆலையின் ஆய்வக வேலையை உதறிவிட்டு, முப்பத்தொரு வயதில் ஆசிரியையாகக் கிளம்பியவள் அவள். தேறினால் இதே பள்ளியில் அறிவியல் இடம் காத்திருக்கிறது. கோர் போன்ற சின்ன ஊரில் இன்னொரு இடம் எப்போது காலியாகும் என்று யாருக்கும் தெரியாது.

வழிகாட்டி ஆசிரியர் ஹேமிஷ் டால்ஸெல் பின்னாலிருந்து கட்டைவிரலை உயர்த்தினார்.

நைரி ஆரம்பித்தாள்.

மேசையில் ஓர் அலுமினியத் தட்டு, ஒரு மரப்பலகை. பிள்ளைகள் வரிசையாக வந்து தொட்டுப் பார்த்தார்கள். அலுமினியம் சில்லென்றது. மரம் அப்படி இல்லை. அடுத்து, இரண்டிலும் ஐஸ்கட்டி வைத்தால் எதில் சீக்கிரம் உருகும் என்று கேட்க வேண்டும். சில்லென்ற தட்டில் ஐஸ் பத்திரமாக இருக்கும், மரத்தில்தான் உருகும் என்று எல்லோரும் தப்பாகச் சொல்வார்கள். நடக்கப்போவதோ நேர்மாறு. அந்த அதிர்ச்சியில்தான் யோசனை பிறக்கும். பாடம் மொத்தமும் அந்தத் தப்பை நம்பி நின்றது.

"சொல்லுங்க. எதுல சீக்கிரம் உருகும்?"

"அலுமினியத்துல!"

மொத்த வகுப்பும் ஒரே குரலில்.

நைரி எடுக்கப்போன ஐஸ்கட்டியை விட்டுவிட்டாள். "ஏன்?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"கேலம், ஏன் அப்படிச் சொல்ற?"

செம்மறி ஆட்டுப்பண்ணை வீட்டுப் பிள்ளை கேலம் ஹீனன் ஜன்னலோரம் நெளிந்தான். "நேத்து பஸ்ல பி பிரிவுப் பசங்க சொன்னாங்க மிஸ். அலுமினியத்துல வெச்சதும் கரைஞ்சிடும், மிஸ் மடக்கப் பாப்பாங்க, உஷாரா இருங்கன்னு."

வகுப்பு சிரித்தது.

நேற்று ஒத்திகைக்காக இதே பாடத்தை பி பிரிவுக்கு நடத்தியது அவள்தான். சுற்றுவட்டாரப் பண்ணைகளுக்கெல்லாம் ஒரே பள்ளிப் பேருந்து. யார் வீட்டு ஆடு என்ன குட்டி போட்டது என்பதே அதில் ஊர் சுற்றும். இது சுற்றாதா? எப்படி மறந்தேன்?

முதல் பெஞ்சு பிப்பா ராவிரி எழுந்தாள். "உங்களுக்காகத்தான் மிஸ் சரியாச் சொன்னோம். அவங்க உங்களுக்கு மார்க் போடத்தானே வந்திருக்காங்க?"

டெய்டின் பேனா ஓடத் தொடங்கியது.

காரணத்தை நானே விளக்கிவிடலாம். நைரி வாயைத் திறந்தாள். போன மாதம் செய்ததும் இதுதானே? மூடிக்கொண்டாள்.

வெளியே உறைபனியில் மைதானம் வெளுத்திருந்தது. கேலமின் தலையில் தடித்த கம்பளித் தொப்பி. வகுப்பில் போடக் கூடாதது.

"கேலம், அந்தத் தொப்பியைக் குடு."

"ஐயோ மிஸ், கழட்டிடறேன், பிடுங்கிக்காதீங்க!"

"பிடுங்கலடா, பரிசோதனைக்கு."

இரண்டு ஐஸ்கட்டிகளை எடுத்தாள். ஒன்றைத் தொப்பிக்குள் சுருட்டினாள். இன்னொன்றை அப்படியே விட்டாள். இரண்டையும் ஹீட்டருக்கு எதிரே தனித்தனிக் கிண்ணத்தில் வைத்தாள்.

"எது முதல்ல உருகும்? இதை பி பிரிவும் பாக்கல."

வகுப்பு ஒரு கணம் திருதிருவென விழித்தது. பிறகு வெடித்தது.

"தொப்பிக்குள்ள இருக்கறதுதான்!" என்றான் கேலம். "கம்பளி சூடு குடுக்கும் மிஸ். எங்க பண்ணையில வேற எதுக்கு ஆடு வளர்க்கறோம்?"

"உன் தொப்பி ஆணியில தொங்கறப்ப சூடாவா இருக்கு?" என்றாள் பிப்பா.

"அது... தலையில மாட்டினாத்தான் சூடாகும்."

"அப்ப சூடு தொப்பியோடதா, உன் தலையோடதா?"

"அவன் தலை காலி. சூடு எங்கேர்ந்து வரும்?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"போடா, உன் தலையில மட்டும் பெருசா என்ன இருக்கு?"

வகுப்பு இரண்டாகப் பிளந்தது. பாதிக்கு மேல் கேலம் பக்கம். கம்பளியோடு பிறந்து வளர்ந்த பிள்ளைகள், அதைச் சந்தேகிக்க மனசு வரவில்லை. நைரியின் நாக்கு நுனிவரை பதில் வந்தது. விழுங்கினாள். "வேற யாரு?" என்று மட்டும் கேட்டாள். மறுபடி வந்தது. மறுபடி விழுங்கினாள்.

ஒரு கிண்ணத்தில் தண்ணீர் மட்டும் மிஞ்சியபோது தொப்பியைப் பிரித்தாள்.

உள்ளே ஐஸ், கொழுகொழுவென்று.

"ஏமாத்து!" என்று கத்தினான் கேலம். கிட்டே வந்து தொட்டான். குரல் இறங்கியது. "அப்ப... கம்பளி சூடு பண்ணல. ஹீட்டர் சூட்டை உள்ள விடல. நம்ம தலைச் சூட்டையும் வெளிய விடாது. அவ்வளவுதானா?"

நைரி பதில் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை. பிப்பா முன்னால் வந்து அலுமினியத் தட்டின்மேல் உள்ளங்கையை அழுத்திக்கொண்டிருந்தாள்.

"மிஸ், இது கம்பளிக்கு உல்ட்டா. நம்ம கைச் சூட்டை இழுத்துக்குது. அதான் சில்லுங்குது. அப்ப ஐஸ் வெச்சா தட்டுல இருக்கற சூடு ஐஸுக்கு ஓடும். பஸ்ல இதை யாரும் சொல்லல!"

மணி அடித்தது. பிள்ளைகள் போனார்கள். டெய்ட் எழுந்து வந்தார்.

"உன் பாடத்திட்டத்துல தொப்பியே இல்லையே?"

"இல்ல வின்ஸம். பாடத்திட்டம் நேத்தே பஸ் ஏறிடுச்சு."

டெய்டின் உதடு லேசாகக் கோணியது. சிரிப்பாக இருக்கலாம். "நடுவுல வாயைத் திறந்து திறந்து மூடின. நானும் பாத்துக்கிட்டே இருந்தேன். திறந்ததுக்கு மார்க் இல்ல, மூடினதுக்குத்தான்." கையெழுத்துப் போட்டார். "தேறிட்ட. இனிமே ஒத்திகைன்னா வேற ஊர்ல போய்ப் பண்ணு."

ஆசிரியர் அறையில் ஹேமிஷ் வெண்ணெய் தடவிய சூடான சீஸ் ரோலை அவள் பக்கம் தள்ளினார். "சாப்பிடுங்க, டீச்சரம்மா."

ஒரு கடி கடிப்பதற்குள் வாசலில் கேலமின் தலை.

"மிஸ்! கம்பளி சூட்டை உள்ள விடாதுன்னா, கோடையில ஆட்டுக்கு ஏன் கத்தரிக்கறோம்? கத்தரிக்காம விட்டாத்தானே அதுக்குக் குளுகுளுன்னு இருக்கும்?"

நைரி மெல்லுவதை நிறுத்தினாள். யோசித்தாள். நிஜமாகவே தெரியவில்லை.

"தெரியலடா," என்றாள், வெண்ணெய் ஒட்டிய விரலோடு. "உள்ள வா. நீ என்ன நினைக்கற?"