அவன் மனைவியும் ஏறினாள்

என் வீட்டுக்காரருக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. நம்பிக்கை இல்லாமல் சும்மா இருந்தால் பரவாயில்லை. இல்லை என்பதை ஊருக்கெல்லாம் தெரிவித்தே தீர வேண்டும் அவருக்கு. பகலில் லிஃப்ட் கம்பெனியில் சர்வீஸ் இன்ஜினியர், சாயங்காலம் விஞ்ஞானக் கதை எழுத்தாளர். எங்கள் கிறிஸ்தவ வேதத்தில் வருகிற வெள்ளக் கதையை எடுத்துக்கொண்டார். வெள்ளத்துக்குப் பதில் சூரியன் வெடிக்கிறது, பேழை என்கிற மரக்கப்பலுக்குப் பதில் விண்கலம், கடவுளுக்குப் பதில் ஒரு கம்ப்யூட்டர். நாவலின் பெயர் 'பேழை 9'. முதல் எட்டுப் பேழையும் என்ன ஆயிற்று என்று வாசகன் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டுமாம். நான் கேட்டுப் பார்த்தேன். அவருக்கும் தெரியவில்லை.

செய்கிற தொழில் விடுமா? விண்கலத்தில் எங்கே பார்த்தாலும் கதவு. கதவின் சென்சாரைப் பற்றி மட்டும் ஒரு முழு அத்தியாயம். "தயவுசெய்து கதவருகே நிற்காதீர்கள்" என்பதுதான் நாவலின் முதல் வாக்கியம். அதைக் கதவுதான் சொல்கிறது.

அவர் எழுதுகிற முறையையும் சொல்லிவிடுகிறேன். கம்பெனி சர்வீஸ் ஷீட்டின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதுவார். எழுதியதைத் திரும்பிப் பார்க்கவே மாட்டார். "திரும்பப் படிக்கிறவனுக்குத் தன் மேலயே நம்பிக்கை இல்லைன்னு அர்த்தம்" என்பார். படிப்பதும் கம்ப்யூட்டரில் அடிப்பதும் என் பாடு. எனக்கு அச்சகத்தில் அதுதான் வேலை. வினாத்தாள், விசிட்டிங் கார்டு, மருந்து டப்பாவுக்குள் மடித்து வைக்கிற பொடி எழுத்துக் காகிதம் என்று எது வந்தாலும் இருப்பதை இருக்கிறபடியே அடித்துக் கொடுப்பேன். பதிப்பாளரும் நான் அடித்தது என்றால் புரூஃப் பார்க்கக் கொடுக்க மாட்டார். "தங்கச்சி அடிச்சா தப்பு இருக்காது" என்று அப்படியே மெஷினுக்கு அனுப்பிவிடுவார். ஆக, அச்சாகும் முன் அந்த நாவலை முழுதாகப் படித்த ஒரே ஜீவன் நான்தான்.

கடைசி அத்தியாயத்தில் கலம் கிளம்புகிறது. வேதத்தில் அந்தக் கப்பல்காரனின் மனைவிக்குப் பெயர் கிடையாது, பேச்சும் கிடையாது. 'அவன் மனைவியும் ஏறினாள்' என்று போகிற போக்கில் வருவாள், அவ்வளவுதான். இவர் சூரியனையே மாற்றியிருக்கிறார், யானையை டெஸ்ட் டியூபில் அடைத்திருக்கிறார், இவளுக்கும் ஏதாவது செய்திருப்பார் என்று ஆசையோடு தாளைத் திருப்பினேன். 'அவன் மனைவியும் ஏறினாள்' என்று இருந்தது. கடவுளையே தூக்கிக் கடாசியவருக்கு அந்த ஒரு வாக்கியத்தில் மட்டும் கை வைக்கத் தோன்றவில்லை.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அந்த வாக்கியத்தை அடிக்காமல் விட்டேன். அதற்குப் பதிலாக, கதவு மூடப்போவதாகக் கம்ப்யூட்டர் அறிவித்ததும் அவள் திரும்பி நின்று பேசுவதாக அடித்தேன்.

"கொஞ்சம் இருங்க. பக்கத்து வீட்ல சொல்லிட்டு வந்துடறேன். அதுவரைக்கும் கதவைச் சாத்தாதீங்க."

அவள் திரும்பி வந்தாளா இல்லையா என்று எழுதவில்லை. எனக்கே தெரியாது.

மறைக்கவும் இல்லை. அன்றைக்கே சொன்னேன். "கடைசி அத்தியாயத்துல அந்தப் பொம்பளைக்குப் பேச ஒரு வரி குடுத்திருக்கேன்."

பென்சில் சீவிக்கொண்டிருந்தவர் தலையைக் கூடத் தூக்கவில்லை. "குடு, குடு. அவ பேசி என்ன ஆகப்போகுது?"

என்ன வரி என்று கேட்கவும் இல்லை.

புத்தகம் வந்ததும் முதல் பிரதி என் அண்ணனுக்குப் போனது. அண்ணன் பிரசங்கி. அவருடைய பிரார்த்தனைக் கூடத்தில் ஆட்களை விட நாற்காலி அதிகம், விழித்திருப்பவர்களை விட ஃபேன் அதிகம். "மச்சான் கொதிச்சுப் போயிடுவார் பாரு. மேடையில கிழிச்சுப் போடுவார்" என்று இவர் கையைத் தேய்த்துக்கொண்டு காத்திருந்தார். கண்டனம் வந்தால் கொடுக்க வேண்டிய பதிலறிக்கையைக் கூட எழுதிவிட்டார். அதையும் நான்தான் அடித்துக் கொடுத்தேன்.

அண்ணன் போன் செய்தார். இவர் ஸ்பீக்கரில் போட்டார், திட்டுவதற்கு நானும் சாட்சியாக இருக்கட்டும் என்று.

"மாப்ளே, அழுதுட்டேன் மாப்ளே."

இவர் முகம் தொங்கிப்போனது. "எந்த இடத்துல மச்சான்? கதவு அத்தியாயத்துலயா?"

"அதை நான் தள்ளிட்டேன். கடைசியில அந்தம்மா ஒண்ணு சொல்றாளே, அங்க. இந்த வாரம் அதை வச்சுத்தான் பேசப்போறேன்."

பேசினார். அடுத்த வாரமும் அதையே பேசினார். தூங்குகிறவர்கள் விழித்தார்கள், விழித்தவர்கள் பக்கத்து வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். நாற்காலி போதவில்லை. வேதத்தில் இல்லாததை வேதம் மாதிரி சொல்கிறாரே என்று யாரோ கிளப்பிவிட, கூடத்தின் கமிட்டித் தலைவர் விசாரணைக்கு உட்கார்ந்தார். வேதத்தைப் புரட்டினார். முன்னால் புரட்டினார், பின்னால் புரட்டினார். பிறகு மூடி வைத்துவிட்டுத் தீர்ப்பு சொன்னார்.

"எங்கம்மாவே இதைச் சொல்லி நான் கேட்டிருக்கேன். பழைய புத்தகத்துல இருந்தது. இதுல அச்சடிச்சவன் விட்டுட்டான்."

அண்ணன் வேலை தப்பியது. பழி எங்கள் தொழில்காரன் தலையில் விழுந்தது. நான் அடுப்படிக்குப் போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

இவருக்கோ வயிற்றெரிச்சல். முன்னூறு பக்கம் எழுதியிருக்கிறார், ஒருவன் கூட சென்சாரைப் பற்றிக் கேட்கவில்லை. எல்லாரும் அந்த வரி, அந்த வரி என்றே உயிரை வாங்கினார்கள். வீம்புக்கு அந்தப் பக்கத்தை அவர் திறந்தே பார்க்கவில்லை. பக்கத்து வீட்டைப் பற்றி ஏதோ வருகிறது என்ற மட்டில் தெரியும். ஆனால் கூடத்தில் பாராட்டு விழா வைக்கிறோம், மாலை மரியாதை உண்டு என்று அண்ணன் அழைத்தபோது, பகுத்தறிவு கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டது.

விழாவுக்குக் கிளம்பும்போது கேட்டேன். "அந்த வரி நான் எழுதினதுன்னு மேடையில ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

"இதைக் கேட்கணுமா? சொல்லாம இருப்பேனா?"

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அது வேண்டியிருந்தது. ரொம்பவே வேண்டியிருந்தது. இத்தனை வருஷமாக அடுத்தவர் வார்த்தையைத்தான் அடித்திருக்கிறேன். இது ஒன்றுதான் என்னுடையது. பீரோவிலிருந்து நல்ல புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டு முன்வரிசையில் போய் உட்கார்ந்தேன்.

கூடம் நிரம்பி வாசல் வரை ஆள் நின்றது. இவர் கழுத்தில் மாலை. அண்ணன் மைக்கைப் பிடித்துக்கொண்டு, அந்தக் கூட்டத்தில் எல்லாரும் கேட்க நினைத்ததைக் கேட்டார்.

"மாப்ளே, அந்த வரி உங்களுக்கு எப்படி வந்தது?"

எழுந்து நிற்கச் சொல்வாரோ என்று முந்தானையைக் கூடச் சரிசெய்துகொண்டேன். இவர் தொண்டையைச் செருமினார். என்னைப் பார்த்தார். மாலையைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

"என்னன்னு சொல்றது? நான் எழுதலை. அது வந்தது. நான் வெறும் கருவி" என்று சொல்லிவிட்டு ஆள்காட்டி விரலை உயர்த்தினார். "மேலே இருந்து வந்தது."

இருபது வருஷமாக மேலே ஒன்றுமில்லை என்று என்னோடு சண்டை போட்ட மனுஷன்! என் பெயரைச் சொல்வதை விடக் கடவுளை ஒத்துக்கொள்வது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. கூடமே மேலே பார்த்தது. அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கைதட்டல் அடங்கவே இல்லை. எனக்கு அழுகை முட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு நானும் தட்டினேன்.

அப்போது எனக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்த யாரோ ஒரு அம்மா எழுந்தார். அவருக்கும் பக்கத்து வீட்டுக்காரிக்கும் வருஷக் கணக்காகப் பேச்சில்லையாம். இந்த வரியைக் கேட்டபிறகுதான் போய்க் கதவைத் தட்டினாராம். இரண்டு பேருமாகத்தான் வந்திருந்தார்கள்.

"தம்பி, மேலே இருந்து வந்த அந்த வாக்கை உங்க வாயால ஒரு தடவை சொல்லுங்க. கேட்டுட்டுப் போறோம்."

இவர் கண்ணைத் திறந்தார்.

"அது வந்து... கதவு..."

எல்லாரும் காத்திருந்தார்கள்.

"கதவருகே..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். குழந்தைகள் உட்பட அந்தக் கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் அந்த வரி மனப்பாடம். எழுதியவர் என்று மாலை வாங்கியவர் ஒருவரைத் தவிர.

அவர் பார்வை மெதுவாக என் பக்கம் வந்தது. வீட்டில் மூக்குக்கண்ணாடியைக் காணோம் என்றால் அப்படித்தான் பார்ப்பார். நானும் ஒரு தடவை கூட எடுத்துக் கொடுக்காமல் இருந்ததில்லை. நான் உதட்டை அசைத்தால் போதும், வரியைப் பிடித்துக்கொள்வார்.

நான் தலையைத் தூக்கி, அவர் விரல் காட்டிய இடத்தைப் பார்த்தேன். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. மேலேயிருந்து அடுத்த வார்த்தை வரட்டும் என்று, எல்லாரோடும் சேர்ந்து நானும் காத்திருந்தேன்.